தம்பி கல்யாணத்துக்கு வாங்கிய லேப்டாப்

1

“அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இந்தப் பாட்டுல ஜெனரேட்டர்தான் பாடுது. நீ பின்பாட்டு.”

கோவில்பட்டியிலிருந்து என் தம்பி பாண்டி அனுப்பிய குரல் செய்தி இது. யாங்கோனில், அதாவது நம் பழைய ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பேட்டையில், ரயில் பாதையை ஒட்டிய கட்டடத்தின் நான்காம் மாடியில் உட்கார்ந்து கைப்பேசியில் நான் பாடி அனுப்பிய பாட்டுக்கு அவன் போட்ட மதிப்பெண். கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. அவன் தொழில் மைக் செட். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று பத்து ஊருக்குச் சத்தம் கொடுக்கிறவன்.

இந்த முறை கல்யாணம் அவனுக்கே. பெண் கவிதா; ஆவணியில் நாள் குறித்திருந்தார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: தாலியின் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் அவன் அக்கா தங்கை போடுவது. பாண்டிக்கு நான் ஒருத்திதான். மூன்றில் இரண்டு முடிச்சு என்னுடையது என்று அவன் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே சொல்லி வைத்திருந்தேன். ஆனால் போக முடியாது என்று ஆனிக் கடைசியில் தெரிந்துவிட்டது. முடிச்சைச் சித்தி மகள் போடுவாள் என்று அம்மா ஏற்பாடு செய்துவிட்டார்.

அப்போதுதான் தீர்மானித்தேன். முடிச்சு போனால் போகட்டும், கல்யாணத்துக்கு முந்தின நாள் நலுங்கில் மாப்பிள்ளையைக் கிண்டல் செய்து பாடும் உரிமையும் அக்காவுக்குத்தான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நானே பாட்டுக் கட்டி, பாடி, பதிந்து அனுப்புவேன். மண்டபத்து ஸ்பீக்கரில் அது ஒலிக்க வேண்டும்.

“மண்டபத்துப் பெட்டில போட்டா இந்த இரைச்சல் பத்து மடங்கா வரும்க்கா,” என்றான் பாண்டி. “பாட்டு ஜோரா இருக்கு. ஒழுங்காப் பதிஞ்சு அனுப்பு. இல்லைன்னா போடமாட்டேன். என் கல்யாணத்துல என் செட்டு கெட்ட பேரு வாங்கக் கூடாது.”

2

பாஸ்போர்ட் கதையைச் சொல்லாமல் விட்டால் யாரோ என்னைத் தடுத்துவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். தப்பு என்னுடையது.

என் கணவர் சங்கர் இங்கேயே பிறந்தவர். மூன்று தலைமுறைக்கு முன் துறைமுக வேலைக்கு வந்த குடும்பம். வேலை இடத்தில் அவருக்குப் பர்மியப் பெயர், கோ ஸோ. நான் இந்தியப் பாஸ்போர்ட்காரி. தங்கும் அனுமதியை அவ்வப்போது நீட்டிக்க வேண்டும்; அதுவரை பாஸ்போர்ட் அனுமதி அலுவலகத்தில் இருக்கும். ஏழு வருடமாக இதைச் செய்து எனக்கு நல்ல பழக்கம். படங்கள், நகல்கள், வட்டார அலுவலகக் கடிதம் எல்லாவற்றையும் உறையில் வரிசையாக வைத்திருப்பேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான். அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. அதனாலேயே எனக்குக் கையெழுத்து என்றால் தனி மரியாதை. மாரீஸ்வரி என்று தமிழில், கடைசி எழுத்தின் சுழியை நீட்டி, மெதுவாகப் போடுவேன். பாஸ்போர்ட்டில் இருப்பதும் அதுதான். இந்த வருடம் ஏனோ ஒரே ஒரு தாளில் ஆங்கிலத்தில் போட்டுத் தொலைத்தேன். வேலை இடத்தில் ஆங்கிலத்தில் போட்டுப்போட்டுக் கை பழகிவிட்டது.

அனுமதி அலுவலகத்து அம்மாள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “மா யீஸ்வாயீ,” என்று அழைத்தார். பர்மியர் நாக்கில் ‘ர’ பெரும்பாலும் ‘ய’ ஆகிவிடும்; பெயரின் முதலில் இருக்கும் ‘மா’வை இளம்பெண்களுக்குப் போடும் மரியாதைச் சொல் என்று எடுத்துக்கொண்டு மீதியைப் பெயராக்கிவிடுவார்கள். “இது ஒருவர் கையெழுத்தா, இருவர் கையெழுத்தா?”

“ஒருவர்தான்.”

“பின்னால் இருக்கும் கருப்பசாமி யார்? கணவரா?”

“அப்பா.”

“அப்பா பெயரை உங்கள் பெயரோடு ஏன் சுமந்துகொண்டு திரிகிறீர்கள்?” என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். இந்த ஊரில் யாருக்கும் அப்பா பெயர் பின்னால் வராது. எல்லாத் தாளையும் மறுபடி எழுதி, மறுபடி வரிசையில் நின்று கொடுத்தேன். பாஸ்போர்ட் கைக்கு வர ஆவணி கடந்துவிடும் என்று தெரிந்தது.

3

எங்கள் வீட்டில் பதிவு செய்வது எவ்வளவு கஷ்டம் என்று சொல்கிறேன்.

இங்கே மின்சாரம் முறை வைத்து வருகிறது. வந்தவுடன் எல்லா மாடியிலும் தண்ணீர் மோட்டார் ஓடும். எதிர் வீட்டில் கரோக்கே தொடங்கும். போனவுடன் கீழே தேநீர்க் கடை, நகல் கடை, போன் கடை மூன்றும் ஜெனரேட்டரை இழுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ரயில். மழை பெய்தால் தகரக் கூரை. ஆடி மாதமானால் நம் அம்மன் கோயில் ஒலிபெருக்கி.

சங்கர் ஒரு யோசனை சொன்னார். “ஸ்டூடியோவுக்குப் போயிடலாம், நோ?” ‘நோ’ என்றால் ‘இல்லையா’ மாதிரி ஒரு பர்மியச் சொல், இங்குள்ள தமிழர் பேச்சில் வாக்கியக் கடைசியில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பாட்டோடு முடிகிற ஆசை இல்லை இது. பள்ளி நாளிலிருந்து பாட்டுக் கட்டுகிறேன். நோட்டுப் புத்தகத்தில் ஐம்பது அறுபது கிடக்கின்றன. பருப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் கடிதம் எழுதும் வேலை எனக்கு. கம்பெனியின் கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிய முடியாது. வருடாந்தர போனஸ் வந்திருந்தது. என் சொந்தச் சம்பாத்தியத்தில், என் சொந்த லேப்டாப். நினைக்கவே நெஞ்சு நிமிர்ந்தது.

பி.காம். படித்தவள் செய்கிறபடி செய்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து பதினோரு லேப்டாப்களை எக்செல் அட்டவணையில் போட்டேன். ராம், பிராசஸர், எடை, திரை அளவு, விலை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கடைசியில் கூட்டுத்தொகை. முதலிடம் வந்தது, கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவர்களுக்கான பெரிய லேப்டாப் ஒன்று; பழையது என்பதால் என் கைக்கு எட்டியது. அட்டவணையைப் படம் எடுத்துப் பாண்டிக்கு அனுப்பினேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் அவன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டான்.

“எல்லாம் சரிதான்க்கா. சத்தம்னு ஒரு கட்டமே இல்லையே?”

“லேப்டாப்புக்கு என்னடா சத்தம்?”

“உள்ளே காத்தாடி இருக்குல்ல. சூடானா சுத்தும். மைக் அதுக்கு ரெண்டடி தள்ளித்தான் இருக்கும். நீ மூச்சு விடுற எடத்துல எல்லாம் அது பேசும். எங்க செட்டுலயும் இப்ப பாட்டெல்லாம் லேப்டாப்லதான். நான் வாங்கும்போது காதைத்தான் வச்சுப் பார்ப்பேன்.”

பிறகு அவன் சொன்னதை நான் மாணவிபோல் எழுதிக்கொண்டேன். எட்டு ஜிபி ராம் கட்டாயம். பின்னால் கூட்டிக்கொள்ள இடம் இருந்தால் மேல். சுற்றுகிற பழைய டிஸ்க் வேண்டாம், அதுவும் முனகும், எஸ்எஸ்டி வேண்டும். பாடுவது ஹெட்போனில் தாமதமாகக் கேட்டால் தாளம் போய்விடும், அதனால் பிராசஸர் ரொம்பக் கிழடாக இருக்கக் கூடாது. மைக்கை நேராக யுஎஸ்பியில் சொருகுவது போதும். பதியும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. திரை, வண்ணம், எடை எதுவும் குரலுக்கு வேலை செய்யாது.

“உங்க ஊர்ல கரண்டு இல்லாதப்ப பதியணும்னா பேட்டரியையும் பாரு,” என்றான். “கடையில காகிதத்தைப் பார்க்காத. என்னைக் கூப்பிடு. நான் கேட்டுச் சொல்லுதேன்.”

பக்கத்திலிருந்த என் ஐந்து வயது மகள் போனில் எட்டிப் பார்த்து, “ஊலே!” என்றாள். பர்மிய மொழியில் அது ‘மாமா’ போன்ற அழைப்பு.

“யாரைப் பார்த்து ‘லே’ங்குத?” என்று சிரித்தான் பாண்டி. எங்கள் ஊரில் ‘லே’ என்றால் ‘டேய்’. “அக்கா, இவ நம்ம கோவில்பட்டிக்காரிதான், சந்தேகமே இல்ல.”

வீட்டில் அவள் யமுனா, பள்ளியில் யமின். தமிழ் புரியும். பதில் வருவது மட்டும் பர்மியத்தில். திருத்தித் திருத்தி நான் ஓய்ந்திருந்த சமயம் அது.

4

நகர நடுவில் ஒரு கட்டடம் இருக்கிறது; மூன்று தளம் முழுக்கக் கம்ப்யூட்டர் கடைகள். ஜப்பானில் அலுவலகங்கள் கழித்துவிட்ட லேப்டாப்கள் மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கும்போதே போய்விட்டோம். சீக்கிரம் போக ஒரு காரணம் உண்டு. முதல் வியாபாரத்தை இங்கே ‘ஸே ஊ பௌ’ என்பார்கள். அந்த வியாபாரம் ராசி என்று நம்பி, முதல் ஆளுக்கு விலையைக் குறைத்தாவது கொடுத்துவிடுவார்கள். நம் போணிதான்.

கடைக்காரர் மா சந்தாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கன்னத்தில் தனகா என்னும் மரப்பட்டைச் சாந்து பூசி, புத்தர் மாடத்தில் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றிக்கொண்டிருந்தார். “வாருங்கள், நீங்கள்தான் ஸே ஊ பௌ,” என்று முகமெல்லாம் சிரித்தார்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் அம்மா கோவில்பட்டிச் சந்தையில் கீரை விற்றவர். கூடையை இறக்கியதும் வருகிற முதல் ஆள் கட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தால் அம்மாவுக்கு அன்றைக்கு முகமே விழுந்துவிடும். ஒருமுறை அப்படிப் போன ஒருவரை நான் துரத்திக்கொண்டு ஓடி, அரைக்கீரைக் கட்டை அவர் பையில் திணித்துவிட்டு வந்திருக்கிறேன். காசுகூட வாங்கவில்லை. அந்த வயிற்றில் பிறந்தவள் முதல் ஆளாக நின்றுகொண்டு, ஒரு மணி நேரம் மூன்று லேப்டாப்பை ஓடவிட்டுக் காது வைத்துக் கேட்டு, பிடிக்கவில்லை என்று எப்படி எழுந்து போவது?

எனக்கு ஒரு தந்திரம் தோன்றியது. கண்ணாடிப் பெட்டி மேல் கிடந்த மவுஸ் பேட் ஒன்றை எடுத்து, பேரம் பேசாமல் காசு கொடுத்தேன். மா சந்தா அந்த நோட்டுகளால் வரிசையாக எல்லா லேப்டாப்பையும் தட்டிக்கொண்டே போனார். ராசி ஏறட்டும் என்று இங்கே அப்படித் தட்டுவார்கள். என் மனப் பாரம் இறங்கியது. போணி முடிந்தது. இனி சுதந்திரம்.

“நம்மகிட்ட மவுஸே இல்லையே,” என்றார் சங்கர்.

“சும்மா இருங்க.”

முதலில் என் அட்டவணையின் முதலிடக்காரர். எழுத்துப் பலகை சிவப்பாக ஒளிர்ந்தது. யமுனா கை தட்டினாள். நான்கைந்து வீடியோக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, கோப்புகளை நகலெடுக்கக் கொடுத்துச் சூடாக்கினோம். பத்து நிமிடத்தில் காற்று பின்னால் வீசியது. பாண்டியைக் கூப்பிட்டு போனைப் பக்கத்தில் வைத்தேன்.

“அக்கா, கடைக்குப் போகலையா? ரைஸ் மில்லுல நிக்கியா?”

அந்தக் கேலி எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் போட்ட அட்டவணை அல்லவா. “இது நூற்றுக்குத் தொண்ணூத்தி ரெண்டு வாங்கினதுடா,” என்றேன்.

“நெல்லு அரைக்கிறதுக்கு நூத்துக்கு நூறு குடுக்கலாம். அடுத்ததை வை.”

அடுத்தது புத்தம் புதியது, மெல்லியது, விலையும் மலிவு. உள்ளே காத்தாடியே இல்லை என்றார் மா சந்தா. சத்தம் பூஜ்யம். ஆனால் பதியும் மென்பொருளைத் திறந்ததும் திரை உறைந்தது. நான்கு ஜிபி ராம், கூட்டவும் இடமில்லை.

“சத்தமும் இல்ல, உசிரும் இல்ல,” என்று தீர்ப்பு வந்தது.

மூன்றாவதாக மா சந்தா பெட்டிக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். சாம்பல் நிறம், தடிமன், மூடியில் ஒரு நீளக் கீறல். விசைகளில் ஜப்பானிய எழுத்து. என் பட்டியலில் இல்லவே இல்லாதது. எட்டு ஜிபி, எஸ்எஸ்டி, ராம் கூட்ட ஒரு காலி இடம். பேட்டரி கொஞ்சம் தளர்ந்திருந்ததால் வேறொன்றிலிருந்து நல்லதைக் கழற்றி மாட்டினார். இருபது நிமிடம் ஓடவிட்டோம். போனை அதன் பக்கத்தில் வைத்தேன்.

“ஹலோ? அக்கா? லைன் கட்டாயிருச்சா?”

“இல்லடா, இருக்கேன்.”

“லேப்டாப்பை அணைச்சுட்டியா?”

“ஓடிட்டிருக்கு. இருபது நிமிஷமா.”

“பொய் சொல்லாத.”

சங்கர் போனை வாங்கி, “மாப்பிள்ளை, சத்தியமா ஓடுது,” என்றார்.

கண்ணை மூடிக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். “எடுத்துரு,” என்றான்.

விலைக்கு வந்தோம். நான் கம்பீரமாகச் சொன்னேன்: “நாங்கள்தானே முதல் ஆள். ஸே ஊ பௌ விலை போடுங்கள்.”

மா சந்தா என்னைப் பார்த்தார். பிறகு மவுஸ் பேட்டைப் பார்த்தார். “தங்கச்சி, உங்கள் ஸே ஊ பௌ அதுதானே. அதற்குத்தான் நீங்கள் பேரமே பேசவில்லை. கேட்டிருந்தால் பாதி விலைக்குக் கொடுத்திருப்பேன்.”

சங்கர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் சிரிப்பை அடக்குகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று மா சந்தாவுக்கு விளக்க வேண்டியதாயிற்று. கீரைக் கூடை, அம்மாவின் முகம், துரத்திக் கொடுத்த கட்டு எல்லாவற்றையும் என் உடைந்த பர்மியத்தில் சொன்னேன். ‘கீரை’க்கு வார்த்தை தெரியாமல் சங்கரைக் கேட்டேன். தம்பி கல்யாணமும் வந்துவிட்டது. மா சந்தா கடைசி வரை சிரிக்காமல் கேட்டார். அவருடைய அம்மா த்வாண்டே என்ற ஊரில் பானை விற்றவராம். “வாங்காமல் போகிற முதல் ஆளை எங்கள் அம்மா வாய்க்கால் வரைக்கும் திட்டிக்கொண்டே வழியனுப்புவார்,” என்றார்.

பிறகு திரும்பி, பக்கத்துப் பெட்டியில் ஹெட்போன் அடுக்கிக்கொண்டிருந்த தன் தங்கையைக் கேட்டார். “ஏய், உனக்கு இன்னும் ஸே ஊ பௌ ஆகவில்லையே?”

“இல்லை அக்கா.”

சாம்பல் லேப்டாப்பைக் கண்ணாடி மேல் இரண்டடி நகர்த்தினார். அது தங்கையின் பெட்டி மேல் போய் நின்றது. “இப்போது இவளிடம் கேளுங்கள். நீங்கள்தான் இவளுக்கு முதல் ஆள்.”

தங்கை விலையைக் குறைத்தாள். அவளிடமே ஒரு யுஎஸ்பி மைக்கும் வாங்கினேன். நான் கொடுத்த நோட்டுகளால் தன் ஹெட்போன்களைத் தட்டினாள். நான் நன்றி சொன்னபோது மா சந்தா, “கேய்ஸ மஷிபூ,” என்றார். பரவாயில்லை, ஒன்றும் இல்லை என்று அர்த்தம். “தம்பி கல்யாணத்தில் நன்றாகத் திட்டிப் பாடுங்கள்.”

5

லேப்டாப் வந்துவிட்டது, அமைதி வரவில்லை. இரண்டு ஞாயிறு வீணானது. ஒன்று மழை. ஒன்று ரயில், அதற்குப் பிறகு கரோக்கே.

அதைக் கண்டுபிடித்தவர் சங்கர். பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் உள்ளே வந்து சொன்னார்: “கரண்டு போனதும் யாரும் உடனே ஜெனரேட்டர் போடறதில்லை, கவனிச்சியா? எண்ணெய் வீணாகும்னு, திரும்பி வந்துடுதான்னு கொஞ்ச நேரம் பார்க்கறாங்க. மோட்டாரும் நின்னுடுது. அந்த அஞ்சாறு நிமிஷம் தெருவே சும்மா இருக்கு, நோ.”

ஏழு வருடம் இங்கே வாழ்ந்தும் அந்த அமைதியை நான் கேட்டதில்லை. கரண்டு போனதே என்று திட்டுவதில் அது கழிந்திருக்கிறது.

மூன்றாவது ஞாயிறு மதியம் தயாரானோம். துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நேரே மைக். எதிரொலியைத் துணி குடித்துவிடும் என்பது பாண்டி சொன்னது. சுற்றி இரண்டு போர்வை. லேப்டாப் பேட்டரி நிறைந்திருந்தது. சங்கர் பால்கனியில் காவல். யமுனாவை அடுத்த அறையில் உட்காரச் சொன்னேன்; அவள் போர்வைக்குள் நுழைந்து என் மடியோரம் உட்கார்ந்துகொண்டாள். வெளியே அனுப்பினால் அழுவாள், அழுதால் பதிவு போச்சு. விட்டுவிட்டேன்.

மின்விசிறி நின்றது. மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சங்கர் கையை உயர்த்தினார்.

ஊருக்கெல்லாம் மைக்குக் கட்டும் எங்க வீட்டு மாப்பிள்ள
ஒரு சொல்லு மெதுவாப் பேச இன்னும் இவன் கத்துக்கல
கூட்ட மட்டும் தெரிஞ்ச பய, கொறைக்கத் தெரியல
கவிதாப் பொண்ணே, வால்யூம் இனி உன் கையில

மூன்றாவது அடியில் எனக்குக் கீழிருந்து இன்னொரு குரல் கிளம்பியது. “கொயைக்கத் தெயியல…” யமுனா. இரண்டு வாரமாக நான் சமையலறையில் முணுமுணுத்ததைக் கேட்டுக்கேட்டு அவளுக்கு முழுப் பாட்டும் மனப்பாடம் ஆகியிருந்தது. நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. நிறுத்தவா தொடரவா என்று ஒரு கணம் தடுமாறினேன். தொடர்ந்தேன். ஐந்து கண்ணியும் என்னோடு வந்தாள், ‘ர’ எல்லாம் ‘ய’வாக, தாளம் மட்டும் பிசகாமல்.

கடைசி அடி முடிந்த மூச்சில் விளக்கு எரிந்தது. தெரு முழுக்க, எல்லா மாடியிலிருந்தும், “மீ லாப்யீ!” என்று ஒரே கூச்சல். கரண்டு வந்துவிட்டது என்று யாங்கோன் பிள்ளைகள் போடும் வழக்கமான ஆரவாரம். பதிவில் அதுவும் சேர்ந்துவிட்டது.

பாண்டிக்கு அனுப்பினேன். எப்போதும் ஐந்து நிமிடத்தில் கூப்பிடுகிறவன் அரை மணி கழித்துத்தான் கூப்பிட்டான்.

“நாலு தடவை கேட்டேன்,” என்றான். “சுத்தமா இருக்கு. அந்தச் சின்னக் குரல் யாரு?”

“யமுனா.”

“தமிழ் பேச மாட்டான்னு சொன்ன?”

“பேச மாட்டாதான். பாடுறா.”

“கடைசியில கத்துறது? ஆள் வச்சுக் கத்தச் சொன்னியா?”

“அது தெரு. கரண்டு வந்ததுக்குக் கத்துறாங்க. வெட்டிடவா?”

“தொட்டா தெரியும் சேதி. மண்டபத்துல போடும்போது கைதட்டு மாதிரி வரும். விடு.” பிறகு, குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, “நல்லாருக்குக்கா,” என்றான். அவனிடமிருந்து நான் வாங்கிய முதல் பாராட்டு இது என்று நினைக்கிறேன்.

6

நலுங்கு அன்று கோவில்பட்டியில் மாலை ஐந்து மணி, எங்களுக்கு ஆறு. வீடியோ அழைப்பில் போனைப் பிடித்திருந்தவர் அம்மா. அதனால் பெரும்பாலும் அம்மாவின் தாடையும் மண்டபத்து உத்தரமும்தான் தெரிந்தன. “போனைத் திருப்பும்மா,” என்று நான் கத்த, யாரோ திருப்பினார்கள். பலகையில் பாண்டியும் கவிதாவும். இரண்டு பேர் முகத்திலும் சந்தனமும் மஞ்சளும் அப்பிக் கண் மட்டும் தெரிந்தது.

பாட்டு ஒலித்தது. என் குரல் அந்தப் பெரிய பெட்டிகளில் எப்படி வந்தது என்று இங்கிருந்து சொல்ல முடியாது; போனில் கரகரத்தது. ஆனால் ‘கொறைக்கத் தெரியல’ என்ற இடத்தில் பெண்கள் சிரித்தது தெரிந்தது. கவிதா தலை குனிந்து தோள் குலுங்கியது தெரிந்தது. கடைசியில் யாங்கோன் தெரு கத்தியதும் மண்டபமும் சேர்ந்து கத்தியது. நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். முடிந்தது, என் பங்கைச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முடியவில்லை. கவிதாவின் சித்தி ஒருவர், கனத்த உடம்பு, காதில் பெரிய கம்மல், எழுந்து மைக்கைப் பிடுங்கினார். நேராகப் போனைப் பார்த்துப் பாடினார்.

ரெண்டு முடிச்சுப் போட வராத ரங்கூன் நாத்தனாரே
ராகத்தை மட்டும் அனுப்பிவிட்டு எங்க போனாரே
சீரு செனத்தி ஒண்ணுங்காணோம், பாட்டுத்தான் சீராமா
செவிக்கு மட்டும் சோறு போட்டா வயிறு ஆறுமா

பெண் வீட்டார் ஓவென்று சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் போனையே பார்த்தார்கள். அம்மாவின் தாடை மறுபடி திரையில் வந்தது. “கேட்டியாடி? சபையில மானத்தை வாங்கிட்டா. சும்மா இருக்க?”

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ஏழு வருடமாக ஊர்க் கல்யாணங்களை நான் போனில் பார்த்திருக்கிறேன். எல்லாரும் கை காட்டுவார்கள், நல்லா இருக்கியாம்மா என்பார்கள், அடுத்த ஆளிடம் போனைக் கொடுத்துவிடுவார்கள். வெளியூர்க்காரியிடம் எல்லாருக்கும் மரியாதைதான். சபையில் வைத்து யாரும் வம்புக்கு இழுத்ததில்லை. இந்த அம்மாளுக்கு என் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. எதிரில் நிற்கிறவளைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டார்.

திரையில் பாண்டி பலகையிலிருந்து எழுந்தான்.

“எந்திரிக்காதடா, நலுங்கு முடியலை,” என்று நாலைந்து பெண்கள் சத்தம் போட்டார்கள். அவன் மஞ்சள் கையோடு ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் குத்தவைத்து ஒரு ஒயரைப் பிடுங்கி வேறொன்றைச் சொருகினான். அவனுடைய புது வேட்டியெல்லாம் சந்தனம்.

“அக்கா,” என்றான் போனைப் பார்த்து. “லேப்டாப்பைத் திற. மைக்கைச் சொருகி, இதே வீடியோ கால்ல அது வழியா வா. உன்னை நேரா பெட்டிக்குக் குடுக்கேன்.”

“பாட்டு இல்லையேடா.”

“கட்டு. அதுக்குத்தானே படிச்ச?”

சங்கர் ஏற்கெனவே லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்தார். யமுனா மைக்கின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அமே, நா பாடவா?” என்றாள். பர்மியத்தில் அம்மாவைக் கூப்பிட்டு, தமிழில் கேட்டாள். பாடு என்றேன்.

திரையில் மண்டபம் பெரிதாக விரிந்தது. நான் தொண்டையைச் செருமினேன். கோவில்பட்டி மண்டபத்தில் நான்கு மூலையிலும் அந்தச் செருமல் இடிபோல் விழுந்திருக்க வேண்டும். கலைந்து நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். கம்மல்காரச் சித்தி கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்து, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“எல்லாரும் உக்காருங்கடி,” என்றார். “நாத்தனா வந்துட்டா.”